அன்புரோக்கன்: ஓட்டக்காரர் லூயி ஸாம்பரீனியும் ஜப்பானியக் கைதி முகாமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஞ்சலினா ஜோலி இயக்கி 2014 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் வெளியான படம் ‘அன்புரோக்கன்’. நண்பர்கள் வட்டத்தில் இதை இரண்டு முறை போட்டுப் பார்த்தோம். இரண்டு முறையும் படம் முடிந்து டீ ஆறும்வரை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வந்தன. அந்தக் கேள்விகளையும், தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் சுவாரசியம் கெட்டுவிடாது. ஆள் பிழைத்துக்கொள்வார் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது, ‘உடையாதவன்’ என்று.

இது உண்மைக் கதையா? யார் அந்த ஆள்?

உண்மைக் கதைதான். லூயி ஸாம்பரீனி 1917 ஜனவரி 26 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஓலியன் என்ற ஊரில் பிறந்தார். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவர் சின்னக் குழந்தையாக இருந்தபோதே கலிஃபோர்னியாவின் டாரன்ஸுக்கு மாறிவிட்டார்கள். பையன் படு சுட்டி என்று சொன்னால் போதாது. திருட்டு, அடிதடி, சிகரெட், குடி எல்லாம் பத்து வயதுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டன. போலீசார் வீட்டுக்கு வந்துபோவது வழக்கமாகிப் போனது.

அண்ணன் பீட் தான் அவரைப் பிடித்து ஓட்டத்தில் தள்ளியவர். தம்பி ஓட, அண்ணன் சைக்கிளில் பின்னாலேயே வந்து வேகம் குறையும்போதெல்லாம் குச்சியால் ஒரு தட்டு தட்டுவாராம். எத்தனையோ பிள்ளைகள் இப்படி அண்ணன் கையில் அடி வாங்கியிருப்பார்கள். இவருக்கு அது பலித்தது. 1934இல் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 21 விநாடி சொச்சத்தில் ஓடி, பள்ளி மாணவர்களுக்கான சாதனையை முறியடித்தார்.

ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கினாரா?

இல்லை. பலர் வாங்கினார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் இறுதிப் போட்டியில் அவருக்கு எட்டாவது இடம். தங்கம் வாங்கியவர் பின்லாந்தின் குன்னர் ஹாக்கெர்ட்.

ஆனால் எட்டாவது இடத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் விஷயம் விட்டுப்போகும். அவருக்கு அப்போது 19 வயது. அவருடைய ஓட்டம் மைல்தான்; அமெரிக்க அணியில் அந்தத் தூரத்துக்குப் பெரிய பெரிய ஆட்கள் இருந்ததால் 5,000 மீட்டருக்கு மாறி, விரல்விட்டு எண்ணும் அளவுக்கே அந்தத் தூரத்தை ஓடியிருந்தார். பெர்லினுக்குப் போன கப்பலில் இலவசச் சாப்பாடு. கஷ்டப்பட்ட குடும்பத்துப் பையன் விடுவாரா? வெளுத்துக் கட்டி, கரை இறங்கும்போது ஐந்தரைக் கிலோ எடை கூடியிருந்தார். 5,000 மீட்டர் என்றால் மைதானத்தைப் பன்னிரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும். பின்தங்கிவிட்டோம் என்று தெரிந்த பிறகு, கடைசிச் சுற்றை மட்டும் 56 விநாடியில் ஓடினார். நெடுந்தூர ஓட்டத்தின் முடிவில் அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்க்காத வேகம் அது.

படத்தில் இந்தக் காட்சி சில நிமிடங்களே வருகிறது. ஆனால் கதை முழுவதும் அந்த 56 விநாடியின் மேல்தான் நிற்கிறது என்பது என் கட்சி. ஏன் என்று கீழே முகாம் பற்றிய கேள்விகளில் வரும்.

ஹிட்லரோடு கைகுலுக்கினார் என்கிறார்களே?

ஓட்டம் முடிந்ததும் ஹிட்லர் அமர்ந்திருந்த மாடத்துக்குத் தன்னை அழைத்துப் போனார்கள், கடைசியில் வேகமெடுத்த பையன் நீதானா என்கிற மாதிரி அவர் கேட்டார் என்று ஸாம்பரீனியே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். பெர்லினில் அரசு மாளிகைக்கு வெளியே பறந்த நாஜிக் கொடியைக் கழற்றிக்கொண்டு வந்த கதையும் உண்டு. இரண்டையும் படத்தில் விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

விமானத்தை ஜப்பானியர் சுட்டு வீழ்த்தினார்களா?

இல்லை. இந்தக் குழப்பத்துக்குப் படமே காரணம். தொடக்கக் காட்சியில் நவூரு தீவின் மேல் குண்டு போடுகிறார்கள். சுற்றிலும் ஜப்பானிய விமானங்கள் சுடுகின்றன. அது இரண்டாம் உலகப் போரில், 1943 ஏப்ரலில் உண்மையில் நடந்தது. அமெரிக்க விமானப் படையில் சேர்ந்திருந்த ஸாம்பரீனி அதில் பாம்பார்டியர், அதாவது குறிபார்த்துக் குண்டை விடுபவர். ‘சூப்பர் மேன்’ என்று பெயர் வைத்திருந்த அந்த பி-24 விமானம் ஒருவழியாகத் தரை இறங்கியபோது உடம்பெல்லாம் ஓட்டை. எண்ணிப் பார்த்ததில் 594.

கடலில் விழுந்தது அந்த விமானமல்ல. 1943 மே 27 அன்று, காணாமல்போன இன்னொரு விமானத்தைத் தேடப் போகச் சொன்னார்கள். கையில் இருந்தது ‘கிரீன் ஹார்னெட்’ என்கிற ஓட்டை உடைசல். உதிரி பாகங்களுக்காகப் பிய்த்துப் பிய்த்து எடுக்கப்பட்ட வண்டி. அதைப் பார்த்தாலே விமானிகளுக்குப் பயம். ஹவாயிலிருந்து வெகுதூரத்தில், இடப்பக்கத்து இன்ஜின் ஒன்று நின்றது. பதற்றத்தில் இன்ஜினியர், நின்றுபோனதை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த பக்கத்து இன்ஜினை அணைத்துவிட்டார். அவ்வளவுதான். 11 பேரில் 8 பேர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் ஸாம்பரீனி, விமானி ரஸ்ஸல் ஆலன் பிலிப்ஸ் (எல்லோருக்கும் ‘ஃபில்’), வால்பகுதித் துப்பாக்கிக்காரர் பிரான்சிஸ் மெக்னமாரா (‘மேக்’).

எதிரியின் குண்டுக்குத் தப்பியவர்களை நம் ஆட்கள் கொடுத்த பழைய வண்டி கவிழ்த்தது என்பது போர்க் கதைகளில் அடிக்கடி சொல்லப்படாத பகுதி. அந்தப் போரில் அமெரிக்க விமானப் படையினரில் ஆயிரக்கணக்கானோர் சண்டைக்கே போகாமல் விபத்துகளில் இறந்தார்கள்.

47 நாள் கடலில் எப்படி உயிரோடு இருந்தார்கள்? நம்பவே முடியவில்லையே?

இரண்டு சின்ன ரப்பர் மிதவைகள். அவற்றின் பைகளில் இருந்தவை: சில சாக்லேட் கட்டிகள், தண்ணீர் அடைத்த சில சின்ன டப்பாக்கள், ஒரு பித்தளைக் கண்ணாடி, வாணத் துப்பாக்கி, தூண்டில் முள்ளும் கயிறும், காற்றடிக்கும் பம்பு, ஒட்டுப் போடும் சாமான். கத்தி இல்லை. ரேடியோ இல்லை. ஆனால் ஸ்க்ரூ டிரைவரோடு கூடிய ஒரு குறடு இருந்தது. நடுக்கடலில் ரப்பர் மிதவையில் எந்தத் திருகைக் கழற்ற? யோசித்து வைத்த புண்ணியவான் யாரோ.

முதல் நாள் இரவே மேக் பயத்தில் அத்தனை சாக்லேட்டையும் தின்றுவிட்டார். காலையில் பார்த்தால் உறைதான் மிச்சம். ஸாம்பரீனி அவரைத் திட்டவில்லை, ஏமாற்றமாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தண்ணீர் மழையிலிருந்து வந்தது. பம்பின் கான்வாஸ் உறையைக் கிழித்து விரித்து மழையைப் பிடிப்பார்கள். அலை ஒன்று அடித்தால் போதும், பிடித்ததெல்லாம் உப்பு. அதனால் தேங்கத் தேங்க வாயால் உறிஞ்சி டப்பாவில் துப்பிச் சேர்த்தார்கள். மிதவையில் வந்து உட்கார்ந்த ஆல்பட்ராஸ் பறவையை ஸாம்பரீனி வெறும் கையால் பிடித்தார். முதல் பறவையின் நாற்றம் தாங்காமல் தூண்டில் இரைக்கு வைத்தார்கள். அடுத்தது வந்தபோது நாற்றம் ஒரு பொருட்டாக இல்லை. சுறாவைப் பிடித்து ஈரலை மட்டும் தின்றார்கள்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சாப்பாட்டுப் பேச்சு. வெறும் வயிற்றோடு மிதந்துகொண்டு, ஸாம்பரீனி தன் அம்மா செய்யும் சாப்பாட்டைச் சொல்வார். நியோக்கி என்று, உருளைக்கிழங்கையும் மாவையும் பிசைந்து உருட்டி, வெந்நீரில் போட்டு எடுக்கும் இத்தாலியப் பண்டம். இது சும்மா ஏக்கப் பேச்சு அல்ல. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் ‘சமையல்’ நடந்திருக்கிறது. மாவை எப்படிச் சலிப்பது, வெண்ணெய் எப்போது சேர்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு படியைத் தாண்டிவிட்டால் மற்ற இருவரும் விட மாட்டார்கள். சட்டியில் முதலில் வெண்ணெய் தடவினாயா என்று கேட்பார்கள். மூளை மழுங்காமல் இருக்க ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு, பழைய நினைவுகளைச் சொல்லச் சொல்லிப் பொழுதைத் தள்ளினார்கள்.

27ஆம் நாள் விமானம் ஒன்று வந்தது. கைகாட்டி அழைத்தார்கள். அது ஜப்பானிய விமானம். திரும்பத் திரும்ப வந்து சுட்டது. ஸாம்பரீனி மிதவைக்கு அடியில் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டார்; அங்கே சுறாக்கள், மூக்கில் குத்தி விரட்டினார் என்பது அவர் சொன்னது. மூன்று பேர் மேலும் ஒரு குண்டுகூடப் படவில்லை. மிதவைகள்தான் சல்லடையாயின. ஒன்று போனது போனதுதான். மிஞ்சிய ஒன்றில் மட்டும் 48 ஓட்டை. ஒருவர் காற்றடிக்க, ஒருவர் ஒட்டுப் போட, ஒருவர் துடுப்பால் சுறாவை விரட்ட, இப்படியே மாறி மாறி நாட்கணக்கில் உழைத்தார்கள்.

33ஆம் நாள் மேக் இறந்தார். 47ஆம் நாள் மார்ஷல் தீவுகளுக்கு அருகே ஜப்பானியப் படகு மற்ற இருவரையும் பிடித்தது. விழுந்த இடத்திலிருந்து சுமார் 2,000 மைல் மிதந்து வந்திருந்தார்கள், உடம்பு பாதியாகியிருந்தது.

நம்ப முடியவில்லை என்பவர்களுக்கு ஒன்று. அதே காலத்தில் பூன் லிம் என்ற சீனக் கப்பல் சிப்பந்தி அட்லாண்டிக்கில் தன்னந்தனியாக 133 நாள் கட்டுமரம் போன்ற ஒரு மிதவையில் இருந்து மீண்டார்.

மேக் கோழை போலக் காட்டியிருக்கிறார்களே, உண்மையில் அப்படித்தானா?

சாக்லேட் விஷயம் உண்மை. ஆனால் சுறா ஒன்று ஸாம்பரீனி மேல் பாய்ந்தபோது துடுப்பால் அதை இடித்துத் தள்ளிக் காப்பாற்றியது மேக் தான். ஓட்டை மிதவையைக் காப்பாற்ற நடந்த போராட்டத்திலும் முழு ஆளாக நின்றார். ஸாம்பரீனி இதைச் சொல்ல மறந்ததே இல்லை.

பிடிபட்ட மற்றவர்களைக் கொன்றார்கள், இவரை ஏன் விட்டுவைத்தார்கள்?

இதுதான் கதையின் முடிச்சு என்று நினைக்கிறேன். அவர்களைக் கொண்டுபோய் அடைத்த இடம் குவாஜலீன் தீவு. ‘தலை வெட்டும் தீவு’ என்ற கணக்கில் அது பெயர் வாங்கியிருந்தது. அறையின் சுவரில் ஒன்பது அமெரிக்க மரைன் படை வீரர்களின் பெயர்கள் செதுக்கியிருந்தன. எல்லோரும் தலை வெட்டப்பட்டவர்கள். அடுத்து இவர்கள் முறை.

அங்கே ஒரு அதிகாரிக்கு யோசனை வந்தது: இவன் ஒலிம்பிக் ஓட்டக்காரன், பெயர் தெரிந்த ஆள், கொல்வதைவிடப் பிரசாரத்துக்கு வைத்துக்கொள்வது லாபம். 42 நாள் கழித்து ஜப்பானுக்குக் கப்பலேற்றினார்கள். பெர்லினில் பதக்கம் தராத அந்தக் கடைசிச் சுற்று, ஏழு வருடம் கழித்து உயிரைத் தந்தது.

உடல் வலு அவரைக் காப்பாற்றியது, ஓட்டப் பயிற்சியில் வந்த மனவுறுதி காப்பாற்றியது என்று விமர்சனங்களில் எழுதுகிறார்கள். மிதவையில் அது சரி. முகாமில் அவரைக் காப்பாற்றியது பெயர். அடுத்து வந்த அடிகள் அத்தனையையும் வாங்கிக் கொடுத்ததும் அதே பெயர்தான். படம் இந்த இரண்டாவது பாதியை நன்றாகக் காட்டுகிறது, முதல் பாதியை அவசரமாகத் தாண்டிவிடுகிறது.

‘பறவை’ என்கிறார்களே, யார் அது? ஏன் அந்தப் பெயர்?

முட்சுஹிரோ வாட்டனாபே. வசதியான குடும்பத்துப் பிள்ளை, படித்தவர். அதிகாரியாக வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கிடைக்காமல் கார்ப்போரல் என்ற கீழ்நிலைப் பதவியோடு டோக்கியோவின் ஓமோரி முகாமுக்கு அனுப்பப்பட்டார். அந்தப் புண் ஆறவில்லை. கைதிகளில் அதிகாரிகளாக இருந்தவர்கள்மேல், பெயர் பெற்றவர்கள்மேல் அவருக்குத் தனி வன்மம். 1944 இறுதியில் ஒலிம்பிக் ஓட்டக்காரர் ஒருவர் அந்த வாசலில் வந்து நின்றால் என்ன ஆகும்?

பெல்ட்டின் கொக்கியால் முகத்தில் அடி. அடித்துவிட்டுத் திடீரென்று மன்னிப்புக் கேட்பது, இனிப்புக் கொடுப்பது, மறுபடி அடிப்பது. எப்போது எது வரும் என்று தெரியாது. முகாமில் இருந்தவர்கள் எழுதியவற்றைப் படித்தால் அடியைவிட இந்தத் தெரியாமைதான் அவர்களைத் தின்றிருக்கிறது.

காவலர்களுக்கெல்லாம் கைதிகள் கெட்ட வார்த்தையில் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இவருக்கு அப்படி வைத்து, காதில் விழுந்து அர்த்தம் தெரிந்துவிட்டால் யார் பிழைப்பது? அதனால் ஒன்றுமே தப்பாகத் தெரியாத ‘பறவை’.

படத்தில் இந்த வேடத்தில் மியாவி. ஜப்பானில் பிரபலமான கிட்டார் கலைஞர்; நடிப்பு அவருக்குப் புதிது. உயரமான, அழகான, மெல்லிய ஆள். அவர் மெதுவாக நடந்து வந்து காதருகே பேசும்போது வரும் நடுக்கம், அடிக்கும்போதுகூட வருவதில்லை. ஸாம்பரீனியாக நடித்த ஜாக் ஓ’கானல் பிரிட்டிஷ்காரர். அவரும் குறை வைக்கவில்லை. ஆனால் எங்கள் வட்டத்தில் எல்லோரும் பேசியது மியாவியைப் பற்றித்தான்.

ரேடியோவில் பேச வைத்தது நடந்ததா?

நடந்தது. அமெரிக்க அரசு 1944இல் அவர் இறந்துவிட்டதாக அறிவித்து, குடும்பத்துக்கு இரங்கல் கடிதமும் அனுப்பிவிட்டது. அதை ஜப்பானியர் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். 1944 நவம்பரில் டோக்கியோ வானொலியில் அவரைப் பேசவிட்டார்கள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பிள்ளையின் செய்தி டாரன்ஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் நல்ல சாப்பாடு, மெத்தைக் கட்டில் எல்லாம் காட்டி, இந்தக் காகிதத்தைப் படி என்று நீட்டினார்கள். அமெரிக்காவைத் தாழ்த்திப் பேசும் பிரசாரம். முடியாது என்றார். திரும்ப ஓமோரிக்கு, வாட்டனாபேயிடம்.

இதற்குத் தண்டனையாக எல்லாக் கைதிகளும் வரிசையில் வந்து அவர் முகத்தில் குத்தும் காட்சி?

அப்படி ஒன்று நடந்தது, ஆனால் அந்த இடத்திலும் அந்தக் காரணத்துக்காகவும் அல்ல. பின்னாளில் நாவோயெட்சு முகாமில், மீன் திருடுபோனதற்காக, ஸாம்பரீனியையும் வேறு சில அதிகாரிகளையும் நிறுத்தி, மற்ற கைதிகளை வரிசையாக வந்து குத்த வைத்தார் வாட்டனாபே. மெதுவாகக் குத்தினால் மறுபடி குத்த வேண்டும். படத்தில் அவர் ஒருவரை மட்டும் நிறுத்திவிட்டதால் தியாகிப் பொலிவு கூடிவிடுகிறது. கூட நின்று வாங்கியவர்கள் காணாமல் போய்விட்டார்கள். ஓஃபுனா என்ற ரகசிய விசாரணை முகாமில் அவர் கழித்த ஏறத்தாழ ஒரு வருடமும் படத்தில் இல்லை.

கட்டையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பது?

நாவோயெட்சு, 1945. கனமான மர உத்தரம் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார் வாட்டனாபே. கை தாழ்ந்தால் துப்பாக்கிக் கட்டையால் அடிக்க ஒரு காவலர். பார்த்துக்கொண்டிருந்த சக கைதி ஒருவர் கடிகாரத்தில் கணக்கு வைத்தார்: 37 நிமிடம். கடைசியில் வாட்டனாபே பொறுமை இழந்து வயிற்றில் குத்த, உத்தரம் மேலே விழுந்தது.

நோயில் விழுந்த உடம்பால் அது முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. எனக்கு உறுத்துவது நிமிடக் கணக்கு அல்ல, படமாக்கிய விதம். பின்னால் வெளிச்சம், கரி பூசிய உடம்பு, விரித்த கைகள்: சிலுவையை நினைக்கச் சொல்லி நம்மை இழுக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் கை வைத்தால் எதுவும் அழகாகிவிடும். சில இடங்களில் அவ்வளவு அழகு வேண்டியதில்லை.

முகாம்களில் நிலைமை நிஜமாகவே அவ்வளவு மோசமா, ஹாலிவுட் மிகையா?

மிகையில்லை. போருக்குப் பின் நடந்த டோக்கியோ விசாரணையில் வந்த கணக்குப்படி, ஜப்பானியரிடம் சிக்கிய மேற்கத்தியப் போர்க் கைதிகளில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள். ஜெர்மனி, இத்தாலி கையில் சிக்கியவர்களில் அது 4 சதவீதம். நாவோயெட்சுவில் ஸாம்பரீனி வருவதற்கு முன்பே அடைக்கப்பட்ட 300 ஆஸ்திரேலியர்களில் 60 பேர் செத்துப்போனார்கள். போருக்குப் பிறகு அந்த முகாமின் காவலர்கள் 8 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

மலாயாவில் தாத்தா பாட்டி இருந்த குடும்பங்களுக்கு இந்தக் கணக்குப் புதிதாக இருக்காது. அதே ஜப்பானிய ராணுவம் அதே ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதை போட, தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. அந்தப் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட வெள்ளைக்காரக் கைதிகள் இறந்தார்கள், ஆசியக் கூலிகள் அதைப்போலப் பல மடங்கு. கைதிகளுக்குப் பெயரும் எண்ணும் கல்லறையும் இருக்கின்றன. கூலிகளில் பெரும்பாலோருக்கு அந்தப் பட்டியல்கூடக் கிடையாது. ஸாம்பரீனியின் பெயர் அவருக்கு என்ன செய்தது என்று யோசிக்கும்போது இதுவும் கூடவே ஞாபகம் வருகிறது.

ஜப்பானில் படத்துக்கு எதிர்ப்பு கிளம்பியதே?

படம் லாரா ஹில்லென்பிரான்ட் 2010இல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதில் ஜப்பானியப் படையினர் சில இடங்களில் நரமாமிசம் தின்றார்கள் என்ற குறிப்பு வருகிறது. அதை வைத்து அங்குள்ள தேசியவாதிகள், படத்தையே பார்க்காமல் தடை கேட்டார்கள். படத்தில் அந்தப் பேச்சே இல்லை. கடைசியில் 2016 பிப்ரவரியில் டோக்கியோவில் ஒரு சின்னத் தியேட்டரில் வெளியானது.

வாட்டனாபே மாட்டினாரா?

மாட்டவே இல்லை. போருக்குப் பின் ஜப்பானை நிர்வகித்த அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தரின் ஆட்கள் தயாரித்த, முக்கியமாகத் தேடப்படும் 40 போர்க் குற்றவாளிகள் பட்டியலில் அவருக்கு 23ஆம் இடம். வேறு பெயரில் கிராமத்தில் ஒளிந்திருந்தார். தற்கொலை செய்துகொண்டார் என்றே ஒரு கட்டத்தில் நம்பினார்கள். 1952இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்து, தேடுதல் கைவிடப்பட்டதும் வெளியே வந்து, இன்சூரன்ஸ் தொழில் செய்து நன்றாகச் சம்பாதித்து, 2003இல்தான் இறந்தார்.

விடுதலையோடு படம் சட்டென்று முடிந்துவிடுகிறதே. அப்புறம் என்ன ஆனது?

இதுதான் படத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை. ஊருக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொள்வதோடு முடித்து, மீதியை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்த எழுத்துக்குள்தான் பாதிக் கதை இருக்கிறது.

இறந்துவிட்டார் என்று நினைத்து அவர் பெயரில் நியூயார்க்கில் நினைவு மைல் ஓட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆள் உயிரோடு இருப்பது தெரிந்ததும் ‘நினைவு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ஓட்டத்தை நடத்தினார்கள். டாரன்ஸ் விமான நிலையத்துக்கும் அவர் பெயர். எங்கே போனாலும் மேடை, மாலை, பேச்சு. இரவில் தூங்கினால் வாட்டனாபே வந்தார். 1946இல் சிந்தியா ஆப்பிள்வைட்டை மணந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்காக மறுபடி ஓடத் தொடங்கினார். முகாமில் அடிபட்ட கால் ஒத்துழைக்கவில்லை. குடி பிடித்துக்கொண்டது. ஒருநாள் கனவில் வாட்டனாபேயின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தவர் விழித்துப் பார்த்தால், கைகளுக்குள் இருந்தது கர்ப்பிணி மனைவியின் கழுத்து.

1949இல் சிந்தியா வற்புறுத்தி, லாஸ் ஏஞ்சலிஸில் பில்லி கிரகாம் என்ற கிறிஸ்தவப் பிரசங்கியார் கூடாரம் போட்டு நடத்திய நற்செய்திக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அந்த இரவோடு கனவுகள் நின்றன என்றார் ஸாம்பரீனி. வீட்டிலிருந்த மதுவையெல்லாம் கொட்டிவிட்டார். 1950இல் ஜப்பானுக்கே போய், சுகாமோ சிறையில் அடைபட்டிருந்த பழைய காவலர்களைக் கட்டித் தழுவினார். வாட்டனாபே அங்கே இல்லை.

மதப் பகுதியைத் தொட ஜோலி தயங்கியிருக்கலாம். அதைச் சொல்வதற்கென்றே 2018இல் இரண்டாம் பாகம் ஒன்று வேறு இயக்குநர், வேறு நடிகர்களோடு வந்தது. அது பிரசங்கம் பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் எடுக்கப்படாத படம் ஒன்று இருக்கிறது.

திரைக்கதையில் ஹாலிவுட் இயக்குநர்களான கோயன் சகோதரர்கள் பெயர் இருக்கிறதே, அவர்கள் சாயலே தெரியவில்லை?

தெரியவில்லைதான். வேறு இருவரும் கூட எழுதினார்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ஆபாசம் கிடையாது. ஆனால் பிற்பாதி முழுக்க அடி. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன். விளையாட்டில் இருக்கும் பெரிய பிள்ளைகள் பெர்லின் காட்சிக்காகவே பார்ப்பார்கள்.

ஸாம்பரீனி படத்தைப் பார்த்தாரா?

வெளியாவதற்குள், 2014 ஜூலை 2 அன்று, 97 வயதில் இறந்துவிட்டார். ஜோலியின் வீட்டுக்குப் பக்கத்தில்தான் அவர் வீடும். மருத்துவமனையில் இருந்தவரிடம் மடிக்கணினியில் படத்தைப் போட்டுக் காட்டினார் ஜோலி.

முடிவில் வரும் கிழவர் அவரேதானா?

அவரேதான், நடிகர் அல்ல. 1998 நாகனோ குளிர்கால ஒலிம்பிக்குக்கு முன்னால், தன் 81ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, தீபம் ஏந்தி ஓடிய காட்சி. ஓடிய இடம் நாவோயெட்சு. அந்தப் பயணத்தில் வாட்டனாபேயைச் சந்திக்க விரும்பினார், மன்னித்துவிட்டதாகக் கடிதமும் எழுதி எடுத்துப் போயிருந்தார். வாட்டனாபே சந்திக்க மறுத்துவிட்டார்.

ஃபில் என்ன ஆனார்?

யாராவது ஒருவராவது கடைசியில் இதைக் கேட்டுவிடுகிறார்கள், கேட்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. விமானத்தை ஓட்டியவர் அவர். தலையில் அடிபட்டு ரத்தம் கொட்ட மிதவையில் ஏறியவர். அதே 47 நாள், அதே குவாஜலீன் அறை. ஒலிம்பிக் ஓடவில்லை என்பதுதான் வித்தியாசம். ஊர் திரும்பி, தனக்காகக் காத்திருந்த செஸி என்ற பெண்ணை மணந்து, இந்தியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார். போரைப் பற்றி அதிகம் பேச மாட்டாராம். ஸாம்பரீனிக்கு நடந்த பாராட்டு விழாக்களில் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். 1998இல், ஸாம்பரீனி தீபம் ஏந்தி ஓடிய அதே ஆண்டில், இறந்தார்.